கன்னத்தால் சூடு பார்ப்பவர்

பையின் வாயை முறுக்கி, மூச்சை அடக்கி, கொன்ஸ்ரன்ஸ் சாம்பல் நிறப் பசையை இரும்பின் விளிம்பில் பிழிந்துகொண்டு போகிறார். பை, கேக்குக்கு ஐசிங் போடும் பை. பசை, நிக்கலும் குரோமியமும் போரோனும் கலந்த பொடியைச் சவ்வரிசிக் கஞ்சியில் குழைத்தது. இரும்பு, தேங்காய் எண்ணெய் பிழியும் யந்திரமொன்றின் திருகுத்தண்டு. நாலடி நீளம். அதைச் சுற்றி ஏறும் மரைகள் கொப்பறையை அரைத்து அரைத்துத் தேய்ந்துவிட்டன. தேய்ந்த விளிம்பின்மேல் ஒரு கோடு, உடையாமல், தடிப்புக் குறையாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போக வேண்டும். அதுவரை யாரும் அவரோடு கதைக்கக் கூடாது.

"இனி ரோஜாப்பூவும் வைப்பா, பாருங்க" என்கிறார் லேத்தடியில் நிற்கும் பிறெடி. அவருடைய கணவர்.

கோடு முடிந்ததும் கொன்ஸ்ரன்ஸ் பையின் வாயைத் துடைக்கிறார்.

"உங்கட மண்டையில வைக்கிறன். வழுக்கையில நல்லா ஒட்டும்."

கொட்டாஞ்சேனையில், புளூமெண்டால் வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில் அவர்களுடைய பட்டறை. தகரக் கூரைக்கு மேலே துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் தலைகள் தெரியும். ஒழுங்கை வாயில் கொள்கலன் லொறி ஒன்று நின்றால் பட்டறைக்குள் வெளிச்சம் பாதியாகிவிடும். பெயர்ப்பலகை கிடையாது. யாரிடம் கேட்டாலும் "கேக் அன்ரியின்ர வெல்டிங் கடையா?" என்று கையைக் காட்டுவார்கள். மார்கழியில் அந்த ஒழுங்கையின் பாதிக் கேக்குகளுக்கு ஐசிங் போடுவது கொன்ஸ்ரன்ஸ்தான். சுவரில் இரண்டு ஆணிகள், இரண்டு பைகள். சிவப்பு நூல் கட்டியது இரும்புக்கு. நூல் இல்லாதது நத்தார், முதல் நன்மைக் கேக்குகளுக்கு.

"இருவது வருஷத்தில ஒருநாள் பை மாறினதில்ல" என்பார். அவருக்குப் பின்னால் பிறெடி சத்தம் போடாமல் இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டுவார்.

கொன்ஸ்ரன்ஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. குள்ளம். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது செப்புக் கம்பியால் கட்டப்பட்டது. திருமணத்துக்கு முன் கப்பல் திருத்தும் தளம் ஒன்றில் பதினொரு வருடம் களஞ்சிய எழுதுவினைஞர். காலையில் வெல்டர்களுக்கு வெல்டிங் குச்சிகளை எண்ணிக் கொடுப்பதும், மாலையில் எரிந்த மிச்சத் துண்டுகளைத் திருப்பி வாங்குவதும் வேலை. துண்டைப் பார்த்தே எந்த வெல்டர் அன்று மனைவியுடன் சண்டை பிடித்துவிட்டு வந்தவன் என்று சொல்வாராம். ஒரு மதிய இடைவேளையில் வெல்டிங் பிடியை எடுத்துத் தானே ஒரு தகட்டில் கோடு இழுத்தார். "அவங்கட கோட்டவிட நேரா வந்திச்சு. அதோட எனக்குக் களஞ்சியம் அலுத்துப்போச்சு."

எழுத வந்த நான் வேலையைப் பற்றிக் கேட்டதும் முதலில் ஒரு திருத்தம் செய்தார். "பூசுற வேலை எண்டு எழுதிராதீங்க. பூசினது உரியும். இது உருக்கிக் கலக்கிறது." காய்ந்த பசைமேல் பேனா போன்ற சுடர்முனையைப் பிடித்து மெல்ல நகர்த்துகிறார். பொடி உருகுகிறது. அதன் கீழே இரும்பும் கொஞ்சம் உருகுகிறது, அரை அரிசி ஆழம். இரண்டும் ஒரு குட்டையாகக் கலந்து, சுடர் நகர்ந்ததும் உறைகின்றன. தண்டின் உள்ளே பழைய இரும்பு. மேலே அரை அரிசித் தடிப்பில் அரத்துக்கும் மசியாத வேறொரு உலோகம். "கூட உருக்கினா பொடி இரும்பில கரைஞ்சு காணாமப் போயிரும். குறைய உருக்கினா அப்பளம் மாதிரி எழும்பி வரும். நடுவில ஒரு இடம் இருக்கு. அங்க நிக்கவேணும்."

பிறகு ஆற வைத்தல். சூட்டோடு தண்டைத் தூக்கி, உமிச் சாம்பல் நிரப்பிய பீப்பாயில் புதைத்து மூடுவார். ஒரு பகல், ஒரு இரவு. யாரும் அவசரப்பட்டு மூடியைத் திறந்துவிடாமலிருக்க, மூடிமேல் சாக்கைப் போட்டு அதிலேயே உட்கார்ந்து தேநீர் குடிப்பார். கனடாவிலிருக்கும் மருமகன் அனுப்பிய வெப்பமானி ஒன்று சுவரில் தொங்குகிறது. அதை வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்கு மட்டும் பாவிப்பார். தண்டு ஆறிவிட்டதா என்று அறிய, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து, இடது கன்னத்தை இரும்பின்மேல் வைப்பார்.

"உள்ளங்கை மரத்துப்போச்சு. அது எல்லாத்தையும் ஆறிட்டுது எண்டு சொல்லும். கன்னம் பொய் சொல்லாது."

தை மாதம் ஒருநாள் அவர் கன்னத்தை வைக்கவில்லை.

இரத்மலானையில் ஒரு எண்ணெய் ஆலை. உரிமையாளர் நாகேந்திரம், வெள்ளவத்தையில் வீடு, யாழ்ப்பாணத்து மனிதர், நெற்றியில் திருநீற்று மூன்று குறி அழியாமல் இருக்கும். இயந்திரங்களுக்குப் பொறுப்பு ஸியாம், தெமட்டகொடையைச் சேர்ந்த இளம் பொறியியலாளர். அந்த வாரம் ஆலையின் இரண்டாம் நம்பர் யந்திரம் நின்றுவிட்டது. கொப்பறை குவிந்து பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியது. கொன்ஸ்ரன்ஸின் பீப்பாய்க்குள் அதன் தண்டு ஏழு மணிநேரம் இருந்திருக்கும். ஸியாம் பதினான்காவது தடவை தொலைபேசி எடுத்தபோது அவர் மூடியிலிருந்து எழும்பினார்.

தண்டை நாலு சாக்குகளால் சுற்றி லொறியில் ஏற்றினார். "உள்ளுக்குச் சூடு இருக்கு. விடியும்வரைக்கும் சாக்கைக் கழட்ட வேணாம் எண்டு சொல்லுங்க" என்று சாரதியிடம் இரண்டு முறை சொன்னார். சாரதி ஸியாமிடம் சொன்னார். ஸியாம் தலையாட்டினார். மறுநாள் காலையில்தான் பூட்டினார்கள்.

மூன்றாம் நாள், பிண்ணாக்கோடு சேர்ந்து உலோகச் சில்லுகள் வந்து விழுந்தன.

ஸியாம் படத்தோடு ஒரு குரல் செய்தி அனுப்பினார். "மிஸ், ஒங்கட வேல அப்பளமாப் பேந்து வருது. இனி ஒங்களுக்கு அனுப்ப ஏலா. வெளிநாட்டு ஸ்குறூ எடுக்கப் போறம்." அப்பளம் என்ற சொல்லை ஸியாமுக்குப் பழக்கிவிட்டதே கொன்ஸ்ரன்ஸ்தான். அதுதான் அன்று அதிகம் சுட்டது என்று பிறகு சொன்னார்.

எண்ணெய் ஆலைக்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். எட்டு நாளில் நாலு தண்டுகள், கை படாமலே, வந்த லொறிகளில் திரும்பிப் போயின. கூட்டிச் சுத்தம் செய்ய எதுவும் இல்லாத தரையைப் பிறெடி காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் கூட்டினார். கொன்ஸ்ரன்ஸ் போட்ட தோல் உரிந்துவிட்டது என்ற கதை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கதை நின்றால்தான் பட்டறை ஓடும்.

கொன்ஸ்ரன்ஸ் ஸியாமிடம் ஒன்றே ஒன்று கேட்டார். உரிந்த துண்டில் ஒன்று.

பிஸ்கட் டின் ஒன்றுக்குள், எண்ணெய்ப் பிசுக்கோடு, விரல் நீளத்தில் அது வந்தது. இரண்டு நாள் பூதக்கண்ணாடியால் பார்த்தார். கலவை பிழையாகியிருந்தால் துண்டின் அடிப்பக்கம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. அடியில் தண்டின் இரும்பும் பிய்ந்து ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. "கலந்தது கலந்துதான் இருக்கு. பிடிச்ச பிடி விடல்ல. ஆனா எங்கயோ வெடிச்சிருக்கு. ஏன் வெடிச்சது?"

"கண்பட்டிருக்கும்" என்றார் பிறெடி. கொன்ஸ்ரன்ஸ் பார்த்த பார்வையில் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலை, எண்ணெய்ப் பிசுக்குப் போகட்டும் என்று துண்டைக் குழாயடிக்குக் கொண்டுபோய்ச் சலவைச் சவர்க்காரத்தால் தேய்த்தார். உடைந்த பக்கத்தில், மயிர் அளவு ஒரு கோடு இரத்தச் சிவப்பாக எழுந்தது. விரலை வெட்டிக்கொண்டதாக நினைத்தார். விரலைக் கழுவிப் பார்த்தார். காயம் இல்லை. மறுபடி தேய்த்தார். மறுபடி சிவப்பு.

வெள்ளைப் பள்ளிச் சீருடையில் கறி ஊற்றிக்கொண்டு, அம்மா பார்க்கமுன் சவர்க்காரம் போட்டு, மஞ்சள் கறை சிவப்பாகிப் பிடிபடாத பிள்ளை இந்த ஊரில் இல்லை.

"பிறெடி!" என்று அவர் கத்தியதில் ஒழுங்கையிலிருந்த லொறிச் சாரதிகளும் எட்டிப் பார்த்தார்கள். "இரும்புக்குள்ள மஞ்சள்!"

"எண்ணெய் மில்லில மஞ்சள் எங்கால?"

"அதத்தான் கேக்கப் போறன்."

கோட்டைக்குப் பஸ், அங்கிருந்து கடற்கரை ரயில், இரத்மலானையில் இறங்கி நடை. கைப்பையில் பிஸ்கட் டின், அரைக் கட்டி சவர்க்காரம், சந்தையில் வாங்கிய மூன்று தேசிக்காய்.

ஸியாம் எழுந்து நின்று மரியாதையாகக் கதிரையைக் காட்டினார். "வந்தது சந்தோஷம் மிஸ். ஆனா முடிவு மாறாது. ஓடர் போட்டாச்சி."

"முடிவ நீங்களே வச்சிருங்க, மிஸ்டர் ஸியாம். எனக்கு ஒரு பேசன் தண்ணி தாங்க."

பேசன் வந்தது. ஸியாமின் மேசைமேல், அவருடைய கோப்புகளுக்கு நடுவில், கொன்ஸ்ரன்ஸ் துண்டைத் தேய்த்தார். கோடு சிவந்தது.

"துரு" என்றார் ஸியாம். "துரு செவப்பாத்தானே ஈக்கும்."

கொன்ஸ்ரன்ஸ் தேசிக்காயை வெட்டி, கோட்டின்மேல் பிழிந்தார். சிவப்பு மஞ்சளானது. சவர்க்காரத்தைத் தொட்டு வைத்தார். மஞ்சள் சிவப்பானது. இரண்டாவது தேசிக்காய். மஞ்சள்.

"உங்கட கம்பசில படிச்ச துரு இப்பிடிச் சட்டை மாத்துமா தம்பி?"

ஸியாம் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டார். மூன்றாவது தேசிக்காயை அவரே வெட்டினார். சவர்க்காரம், தேசிக்காய், சவர்க்காரம். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் நிற்பவர்போல நாக்கைக் கடித்துக்கொண்டு செய்தார். "யா அல்லா" என்றார் மெல்ல. "தண்டு வெடிச்ச நேரம் மஞ்சத்தண்ணி உள்ளுக்குப் பெய்த்தீக்கி."

"வெடிக்கேக்க போகேல்ல. போனதாலதான் வெடிச்சது. கொதிக்கிற இரும்பில பச்சைத் தண்ணி பட்டிருக்கு. ஆர் ஊத்தினது?"

ஆலையில் அதற்கு ஒருவர்தான். கதவடியில் நின்ற நாகேந்திரம் உள்ளே வந்தார். அந்த ஆலைக்குள் புதிதாக எது வந்தாலும், மோட்டரோ மேசையோ, அவர் கையால் செம்பு நிறைய மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கற்பூரம் காட்டாமல் தன் இடத்துக்குப் போகாது. அன்று லொறி வந்தபோது மாலை. நல்ல நேரம் ஆறு பத்தோடு முடிகிறது. சாரதி சொன்னதைக் கேட்ட ஸியாம் வேறு பக்கம் நின்றார். நாகேந்திரம் சாக்குகளைத் தானே அவிழ்த்தார்.

"ஐயோ பிள்ளை, நான்தான் ஊத்தினனான்." அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "தெளிக்கத்தான் போனனான். ஊத்தேக்க சுர்ரெண்டு ஒரு சத்தம் வந்தது. லட்சுமி வாய் திறந்திட்டா எண்டு நினைச்சு முழுச் செம்பையும் ஊத்தினன்."

யாரும் சிரிக்கத் துணியவில்லை. முதலில் சிரித்தது கொன்ஸ்ரன்ஸ். பிறகு நாகேந்திரம், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அண்ணை, அரைவாசி உங்கட. அரைவாசி என்ர. சூட்டோட நான் அனுப்பியிருக்கக் கூடாது" என்றார் கொன்ஸ்ரன்ஸ். "மஞ்சள் தண்ணிய நிப்பாட்டச் சொல்லேல்ல. நான் ஊத்தச் சொன்னாப் பிறகு ஊத்துங்கோ."

அதோடு ஸியாம் விட்டுவிடவில்லை. விடாதவர் என்பதால்தான் கொன்ஸ்ரன்ஸுக்கு அவரைப் பிடிக்கும். வெளிநாட்டுத் தண்டு சித்திரையில் வந்து இறங்கியது. அதை மூன்றாம் நம்பரில் பூட்டினார். கொன்ஸ்ரன்ஸ் மறுபடி உருக்கிக் கலந்து, இம்முறை ஒரு பகலும் ஒரு இரவும் சாம்பலில் வைத்துக் கொடுத்த பழைய தண்டை இரண்டாம் நம்பரில் பூட்டினார். ஒரே கொப்பறை, ஒரே வேலைநேரம். ஆலை மூடும் பௌர்ணமி விடுமுறைகளான போயா தினங்களில் இரண்டையும் கழற்றி அளப்பது என்று முடிவாயிற்று.

முதல் போயாவான வெசாக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அடுத்த மாதம் பொசனில் வெளிநாட்டுத் தண்டு ஒரு மில்லிமீற்றர் தேய்ந்திருந்தது, கொன்ஸ்ரன்ஸின் தண்டு நகக்கீறல் அளவு. அதற்கடுத்த எசலவில் மூன்று மில்லிமீற்றர், இந்தப் பக்கம் அதே நகக்கீறல். ஸியாம் இடுக்கி அளவுகோலின் வாயைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். பிறகு வேறொரு அளவுகோல் வாங்கிவந்து அளந்தார். நிக்கினிப் போயாவில் மூன்றாம் நம்பர் எண்ணெயைப் பிழியாமல் வெறுமனே கொப்பறையைக் கிண்டிக்கொண்டிருந்தது. கழற்றினார்கள். மரைகளின் விளிம்பு சவரத் தகடு போல மெலிந்து கிடந்தது.

அன்று வந்த குரல் செய்தியைப் பிறெடி பட்டறை வாசலில் நின்று, முழுச் சத்தத்தில், லொறிச் சாரதிகளுக்கும் மீன்காரருக்கும் எதிர்வீட்டு மாக்ரெட் அன்ரிக்கும் போட்டுக் காட்டினார். நான் இருந்த அரை மணிநேரத்தில் நாலு தடவை.

"அன்ரி, ரெண்டாம் நம்பர் நேத்துப் பூட்டினது மாதிரி ஈக்குது. மூணாம் நம்பர் முடிஞ்சிட்டு. அந்த வெளிநாட்டு ஸ்குறூவையும் ஒங்களுக்குத்தான் அனுப்புறன். ஒங்கட தோலப் போட்டுத் தாங்க. அவசரமில்ல. நான் போன் கோலும் எடுக்க மாட்டன், சத்தியமா."

"மிஸ் போய் அன்ரி ஆயிட்டா" என்றார் மாக்ரெட் அன்ரி.

முதலில் சொன்ன திருகுத்தண்டு அந்த வெளிநாட்டுத் தண்டுதான். அதன் கழுத்தில் பொறித்திருந்த கம்பனிப் பெயரின்மேல் ஒரு சொட்டுப் பசையும் படாமல் கொன்ஸ்ரன்ஸ் பிழிந்தார். "பாவம், அது தூரத்தில இருந்து வந்தது. பேர் இருக்கட்டும்." தையில் திரும்பிப் போன நாலு தண்டுகளும் அதே வாரம் வந்துவிட்டன. அவற்றோடு புதிதாக ஆறு. ஒழுங்கைக்குள் லொறி திருப்ப இடமில்லை. "வரிசையில வையுங்க, வரிசையில" என்று பிறெடி விளக்குமாற்றால் தரையில் கோடு போட்டார். பீப்பாய்கள் இப்போது மூன்று. கொன்ஸ்ரன்ஸ் ஒரே நேரத்தில் மூன்று மூடிகளில் உட்கார முடியாது என்பதால் இரண்டின்மேல் கேக் தட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார். தட்டுகளுக்கு யாரும் கிட்டப் போவதில்லை.

போன வெள்ளிக்கிழமை வெளிநாட்டுத் தண்டு ஆலைக்குப் போனது. கொன்ஸ்ரன்ஸ் லொறியின் முன்னிருக்கையில். நான் பின்னால், சாக்குகளோடு.

ஆலை முற்றத்தில் வேலையாட்கள் பதினைந்து பேர் வட்டமாக நின்றார்கள். தண்டு இரண்டு மரக்கட்டைகள்மேல் கிடத்தப்பட்டது. மெருகு ஏறிய மரைகள் தண்டைச் சுற்றி மினுங்கிக்கொண்டு ஓடின. நாகேந்திரம் செம்போடு நின்றார். நேரம் எட்டு நாற்பது. நல்ல நேரம் எட்டு ஐம்பதோடு முடிகிறது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. மணிக்கூட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். செம்பை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார், கை தவறி ஒரு சொட்டும் விழுந்துவிடாதபடி.

ஸியாம் தன் வெப்பமானியை நீட்டினார். "முப்பத்தொண்டு காட்டுது அன்ரி."

"காட்டட்டும்."

கொன்ஸ்ரன்ஸ் கண்ணாடியைக் கழற்றி ஸியாமின் கையில் கொடுத்தார். உள்ளே ஓடும் இரண்டாம் நம்பரின் சத்தம் மட்டும் கேட்டது. அவர் குனிந்து, இடது கன்னத்தைத் தண்டின் நடுவில் வைத்தார். கண்ணை மூடினார். வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டார்.

"என்ன பிள்ளை?" என்றார் நாகேந்திரம், தாங்க முடியாமல்.

கன்னத்தை எடுக்காமலே கொன்ஸ்ரன்ஸ் வலது கையைப் பின்னால் நீட்டினார். நாகேந்திரம் ஒரு கணம் யோசித்துவிட்டுச் செம்பை அந்தக் கையில் வைத்தார். சுர்ரென்ற சத்தம் வருகிறதா என்று பதினைந்து பேரும் காதைக் கிட்டக் கொண்டுவந்தார்கள். கன்னம் இரும்பில் இருக்கும்போதே, அவர் செம்பைச் சரித்து, தன் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, முழுவதையும் ஊற்றினார்.